நவமியில் ஓய்ந்த கருவி தசமியில் எழ வேண்டும்

ஒருவர் இறைவனடி சேர்ந்து, கருமாதி முடிந்து, பந்தல் பிரிக்கப்பட்டு, உறவினர் ஒவ்வொருவராக விடைபெற்றுச் சென்றபின் வீட்டில் எஞ்சி நிற்பவை அவருடைய பொருள்கள். உடுத்திய வேட்டி சட்டைகள் இல்லாதவர்க்குப் போய்ச் சேருகின்றன. மூக்குக்கண்ணாடியையும் கைக்கடிகாரத்தையும் பிள்ளைகள் நினைவாக எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். பாராயணம் செய்த புத்தகங்கள் பூசையறை மாடத்திலேயே தங்கிவிடுகின்றன. இவற்றைப் பற்றி எவருக்கும் பெரிய குழப்பம் எழுவதில்லை. குழப்பம் எழுவது, அவர் வாழ்நாளெல்லாம் எதிரே நின்று உழைத்த கருவியைப் பற்றித்தான். அச்சகத்தாரின் அச்சுப்பொறியும் தச்சரின் கடைசல் எந்திரமும் அலமாரிக்குள் அடங்குவதில்லை. வீட்டிலுள்ள எவருக்கும் அவற்றை இயக்கத் தெரிவதில்லை. வைத்துக்கொள்ள இடமில்லை, விற்க மனமில்லை. சாக்கு போர்த்தியபடி அவை கொட்டகையில் கிடக்கின்றன.

இந்தக் குழப்பத்துக்கு இந்து இல்லங்களில் ஒரு தனிக் காரணமும் உண்டு. ஆண்டுதோறும் மகாநவமியன்று சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சார்த்தி, பொரியும் கடலையும் படைத்து வணங்கப்பட்ட பொருள் அது. நாற்பது நவமிகளில் தீபாராதனை கண்ட ஒன்றைத் தராசில் ஏற்றி எடைக்குப் போடுவது எப்படி என்று மனம் தயங்குகிறது. தயக்கம் நியாயமானதே. ஆயினும் தயங்கியபடியே ஆண்டுகள் கழிந்தால் கருவிக்கு நேர்வதும் அழிவுதான். தராசில் ஒரே நாளில் நேர்வது, கொட்டகையில் துருவாக மெல்ல நேர்கிறது.

கடைதல் என்னும் தொழில்

மரக் கடைசலின் பெருமையைத் தமிழ்ச் சொல்லே எடுத்துக்காட்டுகிறது. தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல்தான். அதற்குக் காரணம் உண்டு. பழைய முறையில், இரு முனைகளுக்கிடையே மரத்துண்டைப் பொருத்தி, அதன்மேல் கயிற்றைச் சுற்றி, உதவியாள் ஒருவர் முன்னும் பின்னுமாக இழுப்பார். மரம் ஒருமுறை வலமாகவும் மறுமுறை இடமாகவும் சுழலும். தச்சர் உளியைத் தாங்கியின்மேல் வைத்துக் காத்திருந்து, மரம் தம்மை நோக்கிச் சுழலும்போது மட்டும் உளியைக் கொடுப்பார். எதிர்ப்புறம் சுழலும்போது இம்மியளவு பின்வாங்குவார். தயிர்ப்பானையில் மத்தும் கயிறும் செய்கிற அதே வேலை இது.

பாற்கடல் கடைந்த புராணத்தைத் தச்சரின் கண்கொண்டு பார்த்தால் ஒரு நுட்பம் புலப்படும். மந்தரமலை மத்து, வாசுகி கயிறு, இருபுறமும் நின்று இழுத்தவர்கள் தேவரும் அசுரரும். வலிமைக்குக் குறைவில்லை. ஆனால் மலை ஊன்றி நிற்க இடமின்றிக் கடலில் அமிழ்ந்தது. திருமால் ஆமை வடிவெடுத்து அடியில் தாங்கிய பின்னரே கடைதல் நடந்தது, அமுதம் பிறந்தது. சுழல்கின்ற எதற்கும் சுழலாத ஒரு தாங்குதல் வேண்டும். கடைசல் தச்சர் எவரும் உளியின் கூர்மையைப் பார்க்குமுன் எந்திரத்தின் தாங்கியைத்தான் பார்ப்பார்.

பின்னாளில் கயிறு இழுப்பவரின் இடத்துக்குக் கால்மிதியும் சக்கரமும் வந்தன. அதன்பின் மின்மோட்டாரும் தோல்பட்டையும் வந்தன. வார்ப்பிரும்பாலான நீண்ட படுகை, அதன் ஒரு தலையில் சுழல்தண்டைத் தாங்கும் பகுதி, மறுதலையில் நகர்த்திப் பூட்டும் முனை, இடையே உளி வைக்கும் தாங்கி. அமைப்பு இவ்வளவே. கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து, பம்பரம் என்று வீட்டுக்குரியவையும், பல்லக்கின் குமிழ், சப்பரத்தின் சிறுதூண் எனக் கோயிலுக்குரியவையும் அதே எந்திரத்தில்தான் உருப்பெறுகின்றன. அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்கள் கடைசலில் பிறந்தவை. கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தின்மேல் வண்ணமாகப் படிகிறது.

இத்தகைய எந்திரம் உரியவரை இழந்து நின்றால் என்ன செய்வது? ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைப் பார்த்தால் வழி ஓரளவு தெளிவாகும்.

மூன்று வாசல்கள்

காவிரிக் கரையிலுள்ள சிற்றூர் ஒன்றில் கடைசல் ஆசாரி ஒருவர் எழுபத்தெட்டாம் வயதில் காலமானார். அவருக்குப் பிள்ளைப்பேறு இல்லை. சென்னையில் வேலை பார்க்கும் தம்பி மகன், பெரியம்மாவைத் தம்மோடு அழைத்துச் செல்ல முன்வந்தார். குடியிருந்தது வாடகை வீடு. மாதக் கடைசியில் காலிசெய்தாக வேண்டும். சாமான்கள் எல்லாவற்றுக்கும் வழி பிறந்தது, கொட்டகையில் நின்ற கடைசல் எந்திரத்தைத் தவிர. அதன் இரு முனைகளுக்கிடையே ஆசாரி கடைசியாகப் பொருத்திய மரத்துண்டு அப்படியே இருந்தது. ஊர் மாரியம்மனின் பல்லக்குக்காக அவர் செய்துகொண்டிருந்த குமிழ் அது. பாதி உருண்டிருந்தது, பாதி சதுரமாகவே நின்றது.

முதலில் வந்தவர் பழைய இரும்பு வியாபாரி. எந்திரத்தைக் காலால் தட்டிப் பார்த்துக் கிலோ கணக்கில் ஒரு தொகை சொன்னார்.

“பெரியம்மா, நாளைக்கே வண்டி கொண்டுவருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?” என்று கேட்டார் மகன்.

“எடைக்கா, தம்பி? அவர் கை படாத நாள் கிடையாதே அதில். வேறு வழி இருக்கிறதா பார்” என்றார் அந்த அம்மையார்.

கோயிலுக்கே கொடுத்துவிடலாம் என்பது அடுத்துத் தோன்றிய எண்ணம். செயல் அலுவலர் மரியாதையோடு அமரச் சொல்லிக் கேட்டார். பிறகு சொன்னார்: “ஐயா, அம்மனுக்கென்று கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இங்கே பட்டறை இல்லை. இயக்குவதற்கு ஆளும் இல்லை. ஒருமுறை பதிவேட்டில் ஏற்றிவிட்டால் பிறகு தேவைப்பட்டவருக்கு எடுத்துக் கொடுக்கவும் முடியாது. மண்டபத்து மூலையில் துருப்பிடிக்கும். அந்தக் குமிழை மட்டும் எப்படியாவது முடித்துத் தாருங்கள்.”

மூன்றாவதாக ஒரு விடுதி உரிமையாளர் வந்தார். எந்திரத்துக்குக் கறுப்பு வண்ணமடித்து, பொன்நிறக் கோடு தீட்டி, வரவேற்புக் கூடத்தில் காட்சிக்கு வைக்கப்போவதாகச் சொன்னார். இரும்பு வியாபாரி சொன்னதைப்போல் நான்கு மடங்கு தருவதாகவும் சொன்னார். பெரியம்மாவுக்கு இரு கண்களிலும் புரை. அறுவை சிகிச்சை செய்தாக வேண்டிய நிலை. அந்தத் தொகை கையில் வந்தால் செலவுக்கு எவரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. மகனின் மனம் அந்தப் பக்கமே சாய்ந்தது.

அம்மையார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அங்கே அது சுற்றுமா, தம்பி?”

“சுற்றாது, பெரியம்மா. பிள்ளைகள் கைவைத்தால் ஆபத்து என்று அசையாதபடி பூட்டிவிடுவார்களாம்.”

சற்றுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, “பணமும் வேண்டியதுதான். என் கண்ணால் உனக்குப் பாரம் வரக் கூடாது. உனக்குச் சரியென்று படுவதைச் செய்” என்றார். மறுத்திருந்தால் மகனுக்கு எளிதாயிருந்திருக்கும். முடிவு அவர்மேல் விழுந்துவிட்டது.

மெலிந்த பிடி

விடுதிக்காரருக்குக் கொடுப்பதற்காக அன்றிரவு கருவிகளின் பட்டியல் எழுத உட்கார்ந்தார் மகன். சுவரிலிருந்த சட்டத்தில் பதினேழு உளிகள் வரிசையாக நின்றன. ஆறு மாதப் படுக்கையில் எல்லாவற்றிலும் இலேசாகத் துரு ஏறியிருந்தது. ஒன்று மட்டும் எண்ணெய்த் துணியில் சுற்றப்பட்டு, பளபளப்பாக இருந்தது. அதன் பிடி மற்றவற்றைக் காட்டிலும் மெலிதாகக் கடையப்பட்டிருந்தது. பெரியவரின் அகன்ற கைக்கு உரியதன்று.

காலையில் அதைப் பெரியம்மாவிடம் காட்டினார். அம்மையார் கையால் தடவிப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

பதினாறு வயதில் ஒரு பையன் தொழில் கற்க வந்தான். அவன் கைக்கென்று பெரியவர் கடைந்த பிடி அது. எட்டு ஆண்டுகள் உடனிருந்தான், நன்றாகக் கற்றான். ஒருநாள் பெரியவருக்குச் சொல்லாமல் ஒரு கடைக்குக் கட்டில் கால்கள் கடைந்து கொடுத்துவிட்டான். பெரியவர் நாலுபேர் முன்னிலையில் கடுஞ்சொல் சொன்னார். அவன் உளியை வைத்துவிட்டு வெளியேறினான். இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவனும் வரவில்லை; இவரும் அழைக்கவில்லை.

“அந்த எந்திரத்தின் சுபாவம் தெரிந்தவன் இப்போது அவன் ஒருவன்தான். ஆனால் சாவுக்குக்கூட அவன் வரவில்லையே, தம்பி” என்றார்.

இரண்டு ஊர் தாண்டி ஒரு மரச்சாமான் பட்டறையில் அவர் தினக்கூலிக்கு வேலை செய்துகொண்டிருப்பதை மகன் விசாரித்துக் கண்டுபிடித்தார். சொந்தமாகக் கடைசல் எந்திரம் இல்லை. செய்தி கேட்டபோது காரியமெல்லாம் முடிந்துவிட்டது என்றும், அதன்பின் எந்த முகத்தோடு வருவது என்று நின்றுவிட்டதாகவும் அவர் சொன்னார். பிறகு தலைகுனிந்தபடியே கேட்டார்: “ஐயா என்னைப் பற்றி எப்போதாவது பேசினாரா, தம்பி?”

ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மகன் சொல்லவில்லை. “பேசி நான் கேட்டதில்லை, அண்ணே. ஆனால் இது ஒன்றில் மட்டும் துரு இல்லை” என்று உளியை எடுத்து நீட்டினார்.

அவர் துணியைப் பிரித்து, அலகைக் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்துப் பார்த்தார். கூர் அப்படியே இருந்தது. வெகுநேரம் அதைக் கீழே வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் கொட்டகைக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். உடனே மோட்டாரை ஓட்டவில்லை. தோல்பட்டையை நீக்கி, சுழல்தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். எண்ணெய்க் கிண்ணங்களில் காய்ந்திருந்த கசடை எடுத்தார். புது எண்ணெய் விட்டு ஊறவைத்தார். எலி கடித்திருந்த மின்கம்பியை மாற்ற ஆள் வரவழைத்தார். மாலை நான்கு மணிக்கு எந்திரம் சுழன்றது. அந்த ஓசையைக் கேட்டு அம்மையார் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார். சதுரமாய் நின்ற பாதி, அரைமணி நேரத்தில் உருண்டு குமிழாயிற்று. எது ஆசான் கடைந்தது, எது மாணாக்கர் கடைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சும்மா எடுத்துக்கொள்ளும்படி சொன்னபோது அவர் சம்மதிக்கவில்லை. “இரும்புக்காரர் சொன்ன விலையையாவது கொடுக்கிறேன், அம்மா. ஆறு மாதத்தில் தீர்த்துவிடுகிறேன். ஐயா சொத்தை இலவசமாக வாங்கினேன் என்று இருக்கக் கூடாது” என்றார்.

“வாங்கிக்கொள், தம்பி. அவன் கடன்பட்டவனாக நிற்க வேண்டாம்” என்று மகனிடம் சொன்ன அம்மையார், அவரிடம் ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார்: “நவமிக்குச் சந்தனம் வைப்பதை எல்லாரும் செய்வார்கள். தசமியன்று அதை ஓட்டு. ஒரு வருஷமும் தவறாதே.”

விடுதிக்காரரின் பணம் வரவில்லை. மகன் விசாரித்து, அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிக் கண்புரை அறுவைக்கு ஏற்பாடு செய்தார். எந்திரம் வண்டி ஏறிற்று. குமிழ் அம்மன் பல்லக்குக்குப் போயிற்று. ஆசானும் மாணாக்கரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொள்ளாமலே போனது மட்டும் எவராலும் சரிசெய்ய முடியாததாக நின்றுவிட்டது.

இடம், காலம், பாத்திரம்

தானத்தைப் பற்றி பகவத் கீதையின் பதினேழாம் அத்தியாயம் கூறும் அளவுகோல் மூன்று: தக்க இடம், தக்க காலம், தக்க பாத்திரம். கைம்மாறு கருதாமல் இம்மூன்றையும் நோக்கிக் கொடுப்பதே சாத்துவிகத் தானம். அன்னத்துக்கும் வஸ்திரத்துக்கும் சொல்லப்படும் இந்த அளவுகோல் கருவிக்கு இன்னும் பொருந்துகிறது.

இடம் என்பது அது இயங்கக்கூடிய இடம். கோயில் புனிதமான இடமே. ஆயினும் பட்டறையில்லாத கோயிலில் கடைசல் எந்திரம் ஒரு சுமை. அந்தச் செயல் அலுவலர் மறுத்தது பக்திக் குறைவாலன்று, பொறுப்புணர்வால். காலம் என்பது துரு தின்னுமுன், தெரிந்த கைகள் தளருமுன் உள்ள காலம். பாத்திரம் என்பது அதன் தேவையும் திறனும் ஒருங்கே உடையவர். பணமுள்ளவரிடம் தேவை இல்லை. தேவையுள்ள எல்லாரிடமும் திறன் இருப்பதில்லை. இரண்டும் உள்ளவரைத் தேடிக் காண்பதே கொடுப்பவரின் கடமை. சில வேளைகளில் அவர் மனத்தாங்கலோடு வெளியேறியவராகவும் இருக்கக்கூடும்.

அம்மையாரின் நிபந்தனையில் ஒரு சாத்திரக் கருத்தும் அடங்கியிருக்கிறது. ஆயுதபூசை ஒருநாள் விழா அன்று. நவமியன்று கருவிக்கு ஓய்வு. மறுநாள் விசயதசமியன்று அது மீண்டும் தொழிலுக்கு எழுகிறது. குழந்தைக்கு அரிச்சுவடி தொடங்குவதும் அன்றுதான். நினைவுக்காக மூலையில் வைத்துச் சந்தனம் மட்டும் இட்டுவரும் கருவிக்கு நவமி வருகிறது. தசமி வருவதே இல்லை. பாதி பூசையோடு அது நின்றுவிடுகிறது.

நேச நாயனார் நெசவுத் தொழிலர். அடியார்க்கு உடையும் கீளும் கோவணமும் நெய்து அளித்தே அவர் அறுபத்துமூவரில் ஒருவரானார். திருநீலகண்டர் மட்கலம் வனைந்தார். அவர்களுடைய தறியும் சக்கரமும் ஓடிக்கொண்டிருந்தவரை அவையே அவர்களுக்கு வழிபாட்டுச் சாதனங்கள்.

இடம் மாறும் இறைவன்

ஒரு பொருள் இடம் மாறுவதால் அதன் புனிதம் குறைவதில்லை என்பதற்கு ஒடிசாவின் பூரித் திருத்தலம் சான்று. அங்கே செகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவரும் மரத்திருமேனியர். முதியவர் வேடத்தில் வந்த தெய்வத்தச்சர், மூடிய கதவுக்குள் அத்திருமேனிகளைச் செதுக்கியதாகவும், குறித்த நாளுக்குமுன் அரசன் கதவைத் திறந்துவிட்டதால் கைகால்கள் முடிவுபெறாமலே நின்றுவிட்டதாகவும் தலபுராணம் கூறுகிறது. முற்றுப்பெறாத அவ்வடிவமே இன்றும் வழிபடப்படுகிறது. அத்திருமேனிகளும் நிலையானவை அல்ல. நவகளேபரம் என்னும் சடங்கில் புதிய வேப்பமரத்தில் திருமேனிகள் செய்யப்பட்டு, பழையதில் உறையும் பிரம்ம பதார்த்தம் புதியதற்கு மாற்றப்படுகிறது. 2015ஆம் ஆண்டில் அது நிகழ்ந்தது. இறைவனே ஒரு மரம் விட்டு மறு மரம் புகுகிறார், வழிபாடு அறுபடுவதில்லை.

பூரியில் மூன்று தேர்களும் ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படுகின்றன. பதினாறு, பதினான்கு, பன்னிரண்டு என மொத்தம் 42 சக்கரங்கள். அட்சய திருதியையன்று வேலை தொடங்கும். பரம்பரைத் தச்சர்களின் கையும் கருவியும் தொடர்ந்து வருவதால்தான் அது ஆண்டுதோறும் கைகூடுகிறது.

தஞ்சைப் பெரியகோயிலில் ஏறத்தாழ நூறாண்டுகள் தேரோட்டம் இல்லாதிருந்து, 2015 ஏப்ரலில் புதிய தேர் வீதிவலம் வந்தது. மரம் வாங்கப் பணம் எந்நாளும் திரட்டலாம். தேர் செய்யத் தெரிந்த கைகள் இல்லையென்றால் பணத்தால் ஆவது ஒன்றுமில்லை. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பம் 2020லும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021லும் புவிசார் குறியீடு பெற்றன. சட்டம் பெயரைக் காக்கும். தொழிலைக் காப்பது, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும் உளிதான்.

செய்யத்தக்கவை

இத்தகைய எந்திரம் வீட்டில் நிற்குமானால், முதலில் அதைப் பிரிக்காமல் நாற்புறமும் புகைப்படம் எடுத்து வைப்பது நல்லது. செய்தவர் பெயர் பொறித்த தகடு இருந்தால் அதைச் சுரண்டவோ அதன்மேல் வண்ணமடிக்கவோ கூடாது. துருவை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடைத்து, எண்ணெய் பூசினால் போதும். நெடுநாள் ஓடாத எந்திரத்தை ஆர்வத்தால் உடனே மின்சாரத்தில் ஓட்டிப் பார்க்கக் கூடாது. காய்ந்த தாங்கி தேய்ந்து கெடும். பழைய கம்பி உயிருக்கே ஆபத்தாகும்.

கழற்றும்போது ஒவ்வொரு பகுதிக்கும் சீட்டுக் கட்டி, திருகாணிகளைத் தனித்தனிப் பைகளில் இட்டு வைக்க வேண்டும். மோட்டாரை முதலில் இறக்கிவிட வேண்டும். தூக்கும்போது கயிற்றை வார்ப்பிரும்புப் படுகையில் கட்ட வேண்டுமே தவிர, சுழல்தண்டில் கட்டலாகாது. தண்டு வளைந்தால் எந்திரம் பயனற்றுப் போகும். உளிகள், கவராயம், அளவுக்கோல், மாதிரிக் கட்டைகள் ஆகியவற்றைப் பிரித்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வது பலர் செய்யும் பிழை. உளியில்லாத கடைசல் எந்திரம், சுருதியில்லாத வீணை. நினைவுக்கு ஒன்று வேண்டுமென்றால், அவர் கடைந்த பொருளொன்றை வைத்துக்கொள்ளலாம்.

யாரிடம் கொடுப்பது? அவரிடம் தொழில் கற்றவர்கள் முதலில். அக்கம்பக்கத்து ஊர்களில் அதே தொழிலில் உள்ளவர்கள் அடுத்து. அதன்பின் மரவேலை கற்பிக்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள். 1957இல் தொடங்கப்பட்ட மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரி போன்ற இடங்களில் மரச்சிற்பமும் பயிற்றுவிக்கப்படுகிறது. ஓட்டும் நிலையைக் கடந்துவிட்ட எந்திரமாயின், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கிவரும் தட்சிணசித்ரா போன்ற காட்சியகங்களை அணுகிக் கேட்டுப் பார்க்கலாம். எங்காயினும் முன்னதாகக் கேட்டு, புகைப்படமும் அளவும் காட்டி, அவர்கள் விரும்பினால் மட்டுமே கொடுக்க வேண்டும். கேளாமல் கொண்டுபோய் இறக்கிவிடுவது தானமாகாது; நம் பாரத்தைப் பிறர் தலையில் ஏற்றுவதாகும்.

இருக்கும்போதே

இவையெல்லாம் இறந்தவரின் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய சொற்கள் அல்ல. எழுபதும் எண்பதும் கண்ட பெரியவர்களுக்கே இவை முதன்மையாக உரியவை. எந்தக் கருவி யாருக்குப் பயன்படும் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை. தையல் எந்திரமோ வீணையோ ஏட்டுச்சுவடியோ, தமக்குப்பின் இன்னாருக்கு என்று ஒரு தாளில் எழுதி வைத்தால், பிள்ளைகள் இருட்டில் தடவ வேண்டியிராது. முடியுமானால் எழுதி வைப்பதோடு நில்லாமல், தம் கையாலேயே கொடுத்து, இயக்கும் முறையையும் சொல்லிக் கொடுத்துவிடலாம். கொடுத்த கருவி இன்னொருவர் கையில் ஓடுவதைக் கண்ணால் காணும் பேறு, இருக்கும்போது கொடுப்பவருக்கே கிட்டும்.

அதைவிடவும் அவசரமானது ஒன்று உண்டு. கோபித்துக்கொண்டு போன மாணாக்கர், பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன தம்பி, ஒரு சொல்லால் விலகிய சிநேகிதர் என்று ஒவ்வொருவர் வாழ்விலும் ஒருவர் இருப்பார். உள்ளே அன்பு துருப்பிடிக்காமல் இருக்கலாம்; எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கலாம். ஆனால் அது உரியவருக்குத் தெரிய வேண்டும். துணியைப் பிரித்துக் காட்டும் பொறுப்பைப் பின்வருவோருக்கு விட்டுச்செல்ல வேண்டியதில்லை. வருகிற விசயதசமி வரைகூடக் காத்திராமல், இன்றே ஒரு கடிதம் எழுதலாம். ஓர் ஆளை அனுப்பி அழைக்கலாம்.